கோடரி காம்பிலிருந்து கழன்றபோது



இன்று மே 12, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள், செவிலியர் தினம். நைட் டியூட்டி முடித்து நேராகப் பூசைக்கு வந்து, கண் செருகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம் பங்கிலும் உண்டு. முன்பு நான் இருந்த பங்கில் அப்படி ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றி அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல.

"ஃபாதர், இதைப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா, வேண்டாமா?" என்று கேட்டபடிதான் வந்தாள்.

நம் நாட்டில் குப்பி இன்சுலின் இரண்டு அளவில் வருகிறது. மில்லிக்கு 40 யூனிட் ஒன்று, 100 யூனிட் இன்னொன்று. ஊசியும் அப்படியே இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அவள் வார்டில் இரண்டும் ஒரே தட்டில் கிடந்தன. இரவெல்லாம் விழித்த கண்ணோடு, காலை ஏழு மணிக்கு, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20ஆம் கோடு வரை இழுத்தாள். 20 யூனிட் போட வேண்டிய ஒரு பெரியவர் உடம்பில் ஏறியது 50 யூனிட். சற்று நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கீழே கிடந்த மூடியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரும் கேட்குமுன் டாக்டரிடம் ஓடிச் சொன்னவள் அவள்தான். குளுக்கோஸ் ஏற்றினார்கள், பெரியவர் பிழைத்தார்.

அவளுக்கு மெமோ வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் சாப்பிடும்போது தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்தச் சிவப்பு மூடி கனவில் வருவதாகச் சொன்னாள்.

"அந்தத் தட்டு?" என்று கேட்டேன்.

"அப்படியேதான் இருக்கு ஃபாதர்."

இணைச்சட்ட நூல் 19ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். இருவர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். கோடரி காம்பிலிருந்து கழன்று பக்கத்தில் நின்றவன்மேல் விழ, அவன் சாகிறான். வெட்டியவன் மனதில் பகை இல்லை. அவன் ஓடிப் பிழைக்க ஆண்டவர் அடைக்கல நகர்களை ஏற்படுத்தச் சொல்கிறார், அங்கே போய்ச் சேரப் பாதையும் போடச் சொல்கிறார். ஓர் உயிர் போனதை ஆண்டவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கை நூல் 35ஆம் அதிகாரம் சொல்வதுபோல், சபை விசாரிக்கும். தலைமைக் குரு இறக்கும்வரை அவன் அந்த நகரைவிட்டு வர முடியாது. ஆனாலும் பழிவாங்க வருகிறவன் கையில் அவனை விடக் கூடாது. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் இன்னொன்று சொல்கிறது: புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, இல்லாவிட்டால் விழுந்தவனின் இரத்தப்பழி உன் வீட்டின்மேல். கேள்வி வீட்டுக்காரனிடம் வருகிறது. அந்த இன்சுலின் தட்டுக்குச் சுவர் எங்கே?

தவறு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில் ஒரு செவிலியர், மருந்து எடுக்கும் எந்திரத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்து கைக்கு வந்தது. எச்சரிக்கைகளையும் அவர் கவனிக்கவில்லை. 75 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். செவிலியர் தன் தவற்றை உடனே ஒப்புக்கொண்டார். உரிமம் பறிபோயிற்று. 2022 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது. சரியாகச் செவிலியர் தினத்துக்கு மறுநாள், மே 13 அன்று, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். அந்தக் குடும்பத்தின் கண்ணீருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னவளுக்கு நேர்ந்ததைப் பார்த்த மற்றவர்கள், அடுத்த முறை வாய் திறப்பார்களா? அவர்கள் மறைத்தால் அடுத்த கட்டிலில் கிடப்பவர் கதி என்ன? என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

மருத்துவமனை நடத்துகிறவர்கள், மேற்பார்வை பார்க்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தவறு நடந்தது என்று ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்தால், நோயாளியைக் கவனித்த கையோடு அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். நோயாளியின் வீட்டாரிடம் நடந்ததை நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். மெமோ எழுதுமுன் தட்டைப் போய்ப் பாருங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணுமா என்று என் பழைய பங்கின் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம். "மகளே, நீ ஓடிப்போய்ச் சொன்னாயே, அந்த ஓட்டத்தில் ஆண்டவர் உன்கூட ஓடினார்" என்றேன். வெகுநேரம் அழுதாள். இன்னும் வேலை பார்க்கிறாள்.

எழுந்து நிற்போம். நாஷ்வில்லில் இறந்த அந்தத் தாய்க்காகவும், அந்தச் செவிலியருக்காகவும், நம் வார்டுகளில் இன்றிரவு விழித்திருக்கப்போகிறவர்களுக்காகவும் மன்றாடுவோம்.