கொஞ்சம் விடுங்கம்மா

அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது, "எப்போ எழுந்து நடப்பாரு?" என்பதுதான். அக்கறையில் கேட்கிறார்கள். ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டவர் வீட்டில் அந்தக் கேள்வி ஒரு வேலை செய்கிறது. நடக்கும் நாள் வரட்டும், அதுவரை படுத்திருக்கட்டும், எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. அப்படியே வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டைச் சுற்றிய ஊர்களில் தென்னையிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டு இரவில் பைக்கில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் அடிபட்டவர்களும் உண்டு. அப்படிச் சாலையில் அடிபட்ட எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனோடு பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையத்துக்குப் போயிருந்தேன். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு இல்லை. கைகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனாலும் அவன் அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

அன்று அவனுக்குக் கால்சட்டை போடும் பயிற்சி. உட்கார்ந்து, ஒரு காலைக் கையால் தூக்கி மடியில் வைத்து, துணியை நுழைத்து, பிறகு இப்படியும் அப்படியும் சாய்ந்து மேலே இழுக்க வேண்டும். பாதி வழியில் துணி தொடையில் சிக்கிக்கொண்டது. வியர்வை வழிந்தது. அம்மா பாய்ந்து வந்தார். பயிற்சி கொடுத்த பெண் நடுவில் நின்று, "கொஞ்சம் விடுங்கம்மா, அவரே போடட்டும்" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பையன் போட்டு முடித்தான். பட்டனை மாட்டிவிட்டு அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அடிபட்டதிலிருந்து அவன் முகத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு அப்போது இருந்தது.

அந்த நிலையத்தை உருவாக்கியவரின் வாழ்க்கையும் இதையேதான் சொல்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1925இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் நடந்த வாகன விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு அடிபட்டது. கால்கள் செயலிழந்தன, முகத்தில் தழும்புகள் நிலைத்தன. அங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஆறுதலோடு வேலையும் கொடுத்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று எடுத்துச் சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார் மேரி. பின்பு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் பாகாயத்தில் நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் இத்தகைய நிலையம் இந்தியாவில் அதுவே முதல். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மறைந்தது 1986இல்.

அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆனால் அவர் வாழ்ந்த வாழ்க்கையில் எது குறைந்தது?

நம்பிக்கையை விடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நடக்க வாய்ப்புள்ளவர்கள் கட்டாயம் அதற்காகப் பாடுபட வேண்டும். ஆனால் காத்திருக்கும் காலத்தில் உடம்பு சும்மா இருப்பதில்லை. உணர்வில்லாத தோல் ஒரே இடத்தில் அழுந்தினால், வலி தெரியாமலே புண்ணாகி எலும்புவரை போய்விடும். சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாவிட்டால் சிறுநீரகம் கெடும். அதனால்தான் நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளவும், கண்ணாடி வைத்துத் தன் முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும், நேரம் தவறாமல் டியூப் போட்டுச் சிறுநீரை எடுக்கவும் கற்றுக்கொள்கிறார். உயிரைக் காப்பது இந்தப் பழக்கங்கள்தான். அம்மா எத்தனை நாள் கூடவே இருக்க முடியும்? அம்மாவுக்கும் வயதாகிறதே.

ஒருவருக்காக எல்லாவற்றையும் செய்துவிடுவது சுலபம். அவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது மிகவும் கஷ்டம். பெற்றவர்களுக்கு அது தண்டனை மாதிரி. ஆனாலும் அவருடைய வேலையை அவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் பெரிய அன்பு என்று நான் நம்புகிறேன்.

வீட்டில் இருப்பவர்கள் கையை விலக்கும்போது ஊர் கை கொடுக்க வேண்டும். பாகாயத்தில் சமதளத்தில் உருண்ட நாற்காலி, ஊருக்கு வந்ததும் வாசற்படியில் நின்றுவிடுகிறது. கழிப்பறைக் கதவு அதன் அகலத்துக்குப் போதவில்லை. பீஞ்சமந்தை, அல்லேரி போன்ற மலை ஊர்களில் வாசலைத் தாண்டினாலே கல்லும் சரிவும்தான். அங்கே ஒருவர் பெற்ற பயிற்சியெல்லாம் பயனில்லாமல் போய்விடும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருவது பெரிய உதவி. பொது இடங்களில் சாய்தளமும் வேலையில் சம வாய்ப்பும் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதை நம் ஊராட்சி அலுவலக வாசலிலிருந்தே தொடங்கலாம்.

தோல் தொழில் செய்யும் முதலாளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். நூல் வெட்டுவது, பசை ஒட்டுவது, ஜோடி பார்த்துச் சரிபார்ப்பது என ஷூ கம்பெனியில் மேசையில் உட்கார்ந்து கைகளால் செய்யும் வேலைகள் நிறைய இருக்கின்றன. அந்தப் பையனுக்கு அவை நன்றாகவே தெரியும். கம்பெனி வேனில் ஏற ஒரு பலகையும், அகலமான கழிப்பறைக் கதவும் இருந்தால் அவனால் நாளைக்கே வேலைக்கு வர முடியும். அவன் செய்ய வேண்டிய பாதியை அவன் செய்து முடித்துவிட்டான். மீதிப் பாதி நம்முடையது.