வடிகட்டும் துணியும் இழை உதிர்க்கும் துணியும்

நம் பாட்டிமார் கிணற்று நீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டிய பின்னரே குடத்தில் நிரப்புவர். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மடியாதவாறு, அதனை அந்நீராலேயே அலசி, மீண்டும் கிணற்றிலேயே மெல்ல விடுவர். துணியும் உயிர் காக்கும் கருவியே என்று நாம் கற்றது அவர்களிடந்தான்.

அண்மையில், சேலத்தில் நீச்சல் பயிலும் எம் பேத்தி புதிய நீச்சலுடை ஒன்றைக் கொணர்ந்து காட்டினாள். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் பாலியெஸ்டர் துணி. அதன்மேல் வண்ண மீன்கள் அச்சிடப்பட்டிருந்தன. "பாட்டி, இது பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்தது. பட்டைப்போல் புழுவைக் கொன்று நெய்ததன்று. இது அகிம்சைத் துணிதானே?" என்று வினவினாள். வகுப்பறையில் விடை கூறிப் பழகிய யாம் அன்று உடனே விடை கூறவில்லை.

அவள் கூற்றில் உண்மை உண்டு. நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரியைக் கடந்தால் கரூர். அங்குள்ள ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் நிறுவனம் வீசியெறிந்த பாட்டில்களைத் துண்டாக்கி, கழுவி, உருக்கி, நூலாக்குகிறது. 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நாடாளுமன்றத்தில் அணிந்திருந்த நீல மேலங்கி அத்தகைய துணியால் ஆனதே. அச்சு முறையிலும் ஒரு நன்மை உண்டு. தாளில் அச்சிட்ட சாயம் வெப்பத்தால் ஆவியாகி இழைக்குள் புகுவதால், துணியைச் சாயநீரில் அமிழ்த்த வேண்டுவதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயக்கழிவால் காவிரி பட்ட துன்பத்தை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

எனினும், இத்துணியும் ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகளை உதிர்க்கிறது. அவை சாக்கடை வழியே ஆற்றையும் கடலையும் அடைந்து, மீன் முதலிய உயிர்களின் வயிற்றில் சேர்கின்றன. மீள்நெகிழ்வுக்காகக் கலக்கும் ஸ்பான்டெக்ஸ் இழையோ, அத்துணியை மறுமுறை நூலாக்குவதை அரிதாக்குகிறது. பாட்டிலுக்கு மறுபிறவி ஒன்று கிடைத்தது, பிறவித்தொடர் அறவில்லை!

அவ்வாறாயின் அவ்வுடையை விலக்குவதா? வேண்டுவதில்லை. இல்லறத்தார் முற்றும் துறக்க இயலாது, குறைத்துக்கொள்ள இயலும். அறியாது செய்த தீங்கினும், அறிந்தபின் காட்டும் அசட்டை பெரிது. 'மறுசுழற்சி' என்னும் சீட்டைக் கண்டு மனம் அமைதியுற்று, ஒன்று போதுமான இடத்தில் நான்கு வாங்குவோமாயின், மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் அங்கேயே பழுதுபடும்.

எனவே பேத்திக்கு இவ்வாறு கூறினோம்: "இவ்வுடை நைந்து போகும்வரை இன்னொன்று வாங்காதே. கையால் மென்மையாக அலசு. அலசிய நீரை நெருக்கமாக நெய்த துணியில் வடித்தபின் வெளியேற்று." புதிய சலவை இயந்திரங்களில் நுண்ணிழை வடிகட்டி இருத்தல் வேண்டுமென்று பிரான்சு நாடு 2020இல் சட்டம் இயற்றியது. நமக்கோ வடிகட்டுதல் புதிதன்று. நம் முன்னோர் வீட்டிற்குள் வரும் நீரை வடிகட்டினர். நாம் வீட்டைவிட்டுச் செல்லும் நீரையும் வடிகட்டுவோமாக.

துணியில் அச்சிட்ட மீன் அழகியதே. நீரில் வாழும் மீன் நம் பொறுப்பு.