எண்ணும் கண்ணும் காக்கும் கையும்

பெருங்கூட்டத்தில் ஒருவராய் நடப்பதில் ஓர் இனம்புரியாத விடுதலை உண்டு. அங்கே நம்மை யாரென்று கேட்பாரில்லை. எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்று உசாவுவாரில்லை. துயரத்தோடு நடப்பவருக்கும் மகிழ்ச்சியோடு நடப்பவருக்கும் நகரத்துக் கூட்டம் ஒரு திரையாக அமைகிறது. அந்தத் திரையை இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியே மெல்ல விலக்கிவிடுகிறது.

வைஃபை வசதி திறந்திருக்கும் கைப்பேசி வாளாவிருப்பதில்லை. அருகில் இணைப்பு உண்டா என்று அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அக்குரலோடு ஓர் அடையாள எண்ணும் செல்கிறது. சுவரிலோ கம்பத்திலோ பொருத்தப்பட்ட சிறு கருவி அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். எத்தனை பேர் கடந்தனர், எவ்வழியே சென்றனர், எவ்வளவு நேரம் நின்றனர் என்பதையெல்லாம் ஓரளவு ஊகிக்கக்கூடும். மக்கள் கூட்டத்தை இவ்வாறு அளப்பது முறையா?

லண்டன் மாநகரில் நடந்த இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2013-ஆம் ஆண்டு அந்நகரின் வணிகப் பகுதியில், விளம்பரத் திரை பொருந்திய குப்பைத்தொட்டிகளுள் பன்னிரண்டு, வழிப்போக்கரின் கைப்பேசிகளைக் குறித்துக்கொண்டிருந்தன. எவருக்கும் சொல்லவில்லை, எவரையும் கேட்கவில்லை. நோக்கமோ விளம்பர வணிகம். செய்தி வெளியானதும் மக்கள் கொதித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் நகராட்சி அதை நிறுத்தச் சொல்லிற்று.

2016-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் அதே நகரின் போக்குவரத்து நிர்வாகம் 54 சுரங்க ரயில் நிலையங்களில் நான்கு வாரங்கள் ஒரு சோதனை நடத்தியது. நிலையங்களில் அறிவிப்புகள் வைக்கப்பட்டன. விரும்பாதவர் தம் வைஃபையை அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. அடையாள எண்கள் உருமாற்றப்பட்டே பதிவாயின. 56 இலட்சம் கருவிகளிலிருந்து கிடைத்த குறிப்புகள், பயணச்சீட்டு சொல்லாத பலவற்றைச் சொல்லின. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்குப் போக மக்கள் 18 வெவ்வேறு வழிகளைத் தேர்ந்துகொண்டனர் என்பது அவற்றுள் ஒன்று. நெரிசல் எங்கே திரளும் என்பதை அறிய இது உதவியது. 2019 ஜூலை 8 முதல் அது நிலையான ஏற்பாடாயிற்று.

கருவி ஏறத்தாழ ஒன்றே. அறத்தின் நிறமோ வேறு. மாலையில் பட்டி திரும்பும் ஆடுகளை ஆயனும் எண்ணுகிறான். சந்தையில் வியாபாரியும் எண்ணுகிறான். ஆயனின் எண்ணிக்கையில் பொறுப்பு இருக்கிறது. வியாபாரியின் எண்ணிக்கையில் விலை இருக்கிறது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1785-இல் வலியுறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகிறது.

ஆயினும் ஆயனுக்கும் வியாபாரிக்கும் இடையே உள்ள வேலி உயரமானதன்று. சுரங்க ரயில் சோதனையைப் பற்றிய அறிக்கையிலேயே, விளம்பர வருவாயைப் பெருக்கவும் இக்குறிப்புகள் உதவும் என்னும் எண்ணம் இடம்பெற்றிருந்தது. நல்ல நோக்கத்தோடு திறந்த கதவின் வழியே வேறு நோக்கங்களும் நுழைவது மனித இயல்பு.

"பெயரைக் குறிக்கவில்லையே, பின் என்ன அச்சம்?" என்பார் சிலர். 15 இலட்சம் பேரின் கைப்பேசித் தடங்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2013-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒருவர் எந்நேரத்தில் எங்கிருந்தார் என்ற நான்கே குறிப்புகள், 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துக்காட்டப் போதுமானவையாம்! நாள்தோறும் நாம் நடக்கும் வழியே நம் கையொப்பமாகிவிடுகிறது. "தவறு செய்யாதவன் எதற்கு மறைக்கவேண்டும்?" என்று கேட்பதும் பொருந்தாது. மருத்துவரைத் தேடிப் போவதும், பிரிந்த உறவைச் சந்திக்கப் போவதும் தவறுகள் அல்ல. ஆனால் அவை நமக்குரியவை. பிறர் பதிவேட்டுக்குரியவை அல்ல.

அப்படியானால் எண்ணவே கூடாதா? அதுவும் சரியன்று. 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலில், இட்டேவான் என்னும் இடத்தில், ஒரு குறுகிய சந்தில் ஏற்பட்ட நெரிசல் 159 உயிர்களைக் காவு கொண்டது. கூட்டத்தை அறிந்து, வேளையோடு வழிப்படுத்தியிருந்தால் அவ்விளம் உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும். ஆனால் அங்கே அறியாமை மட்டுமா குறை? அன்று மாலை 6.34 மணி முதலே காவல்துறையின் அவசர எண்ணுக்கு 11 அழைப்புகள் சென்றிருந்தன. நெரிசலைப் பற்றி எச்சரித்த மனிதக் குரலையே செவிமடுக்காதவர்கள், கருவியின் குரலைக் கேட்டிருப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி? எண்ணுவது காப்பதாகிவிடாது.

ஆகவே மக்களை எண்ண முற்படுவோர் மூன்று கடன்களை ஏற்கவேண்டும். முதலாவது, சொல்லுதல். மனிதன் ஆடல்லன், தான் எண்ணப்படுவதை அறியவும் மறுக்கவும் உரிமையுள்ளவன். இரண்டாவது, மறத்தல். கூட்டம் கலைந்தபின் அதன் சுவடுகளை அழித்துவிடவேண்டும். அறிய முடிந்ததையெல்லாம் அறிந்து வைத்துக்கொள்ளாத அடக்கமும் ஓர் அறமே. மூன்றாவது, பதில் சொல்லுதல். நெரிசல் வருவதை அறிந்தும் கைகட்டி நின்றவர், அறியாதவரைவிடப் பெரிய குற்றவாளி.

நம் கைப்பேசிகள் இனியும் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அக்குரலைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று வினவும் உரிமையையும் கடமையையும் நாம் கைவிடலாமா?