பனிச்சரிவும் மனிதர் கடமையும்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், உத்தரகண்ட் மாநிலத்தில் பத்ரிநாத்தை அடுத்த மாணா என்னும் எல்லைக் கிராமத்தருகே, சாலைப் பணியாளர் தங்கியிருந்த இரும்புக் கொட்டகைகளைப் பனிச்சரிவொன்று மூடியது. சிக்குண்ட 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டனர், எண்மர் மாண்டனர். இதனை விதி என்பார் உளர்.

விதி என்று கூறல் பொருந்துமோ? பனிச்சரிவுக்குக் காரணங்கள் உள. வலுவற்ற பழம்பனியடுக்கின்மீது புதுப்பனி பெய்து பாரம் ஏறுமாயின், 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்புறங்களில் அது எளிதில் பெயர்ந்து வீழும். புவியின் வெப்பம் மிகுந்துவரும் இந்நாளில், பனி பெய்யும் காலமும் அளவும் மாறி வருகின்றன. பனிமீது மழையும் பெய்கின்றது. ஆகவே, ‘முன்பு இங்கு வீழ்ந்ததில்லை’ என்னும் பழைய அனுபவம் மட்டும் காவலாகாது.

பனிக்கு எண்ணமில்லை, ஆதலின் குற்றமும் இல்லை. எண்ணமுடையவன் மனிதனே. கூலிக்கு வந்தவன் தான் உறங்கும் இடத்தைத் தேர்வதில்லை. பிறர் தேர்ந்த சரிவின்கீழ் உறங்குகின்றான். எனவே, எங்காயினும் இடத்தைத் தேர்பவர்க்கே அபாயத்தை ஆராய்ந்தறியும் கடமையும் உரியது. அறியக்கூடியதை அறிய முயலாமையும், அறிந்தும் வாளாவிருத்தலும் தீவினையே.

பனியைத் தோண்டி உயிர் மீட்டோரின் கருணை போற்றற்குரியது. கொட்டகையை முன்னரே அப்பால் அமைக்கும் கருணையோ அதனினும் மேலானது. ஆனால் அதற்கு எவரும் மாலை சூட்டுவதில்லை.