நித்தியமான உண்மைக்குச் சபை எதற்கு?

பகா எண்களுக்கு முடிவில்லை என்ற உண்மை, அதனை நிரூபித்துக் காட்டிய யூக்ளிட் பிறப்பதற்கு முன்னும் உண்மையாகவே இருந்தது என்றும், மானிட ஜாதியே அழிந்தொழிந்தாலும் அதற்கு யாதொரு குறைவும் நேராது என்றும் நம்புகிறவர்கள், அத்தகைய நித்திய வஸ்துவைப் பற்றி வாரந்தோறும் கரும்பலகைக்கு முன்னே கூடித் தர்க்கிப்பது எதற்காக என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மாஸ்கோ சர்வகலாசாலையில் இஸ்ரேல் கெல்ஃபாண்ட் 1943-ல் ஆரம்பித்து, 1989-ல் அமெரிக்கா செல்லும்வரை திங்கட்கிழமை மாலைகளில் நடத்திவந்த கணிதக் கருத்தரங்கில், பிரசங்கியை ஓயாமல் இடைமறிப்பதும், சபையிலிருந்து இளம் மாணவன் ஒருவனை எழுப்பி, அவனுக்கு விளங்கும்வரை பேச்சை மேலே நகரவிடாமல் நிறுத்திவைப்பதும் வழக்கம். (இதனால் மனம் புண்பட்டவர்கள் பலர், அவர்கள் குறையில் நியாயமும் உண்டு.)

உண்மைக்குச் சாட்சி வேண்டியதில்லைதான். அதை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் மனத்துக்கோ, ஏகாந்தம் எவ்வளவு சிலாக்கியமானதாயினும், கேள்வி கேட்கும் இன்னொரு மனம் அவசியமாகிறது என்பது என் அபிப்பிராயம். ஏழு ஆண்டுகள் ரகசியமாக உழைத்த ஆண்ட்ரூ வைல்ஸ், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தபோது, சபை கரகோஷம் செய்து கலைந்தது. கையெழுத்துப் பிரதியை வரிவரியாகப் பரிசோதித்த சக கணித நிபுணர் ஒருவர் விடாது கேட்ட கேள்வியில்தான் பிழை வெளிப்பட்டது. தேற்றம் அன்றும் உண்மையே. ஆனால் வைல்ஸுக்கு அது வசப்பட்டது, தம் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்ட பிறகு, 1994 செப்டம்பரில்.