பாராட்டும் பொறுப்பும்

2021ஆம் ஆண்டு, கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், இலங்கையைப் பற்றிய செய்தியொன்று உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பொஹிட்டியாவ என்ற மலைக்கிராமத்து ஆசிரியை ஒருவரும் மாணவர்களும் இணைய அலையைத் தேடி, மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் புதர்க்காட்டில் நடந்து, ஒரு பாறையின் உச்சிக்கு ஏறினார்கள். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊவாவின் லுணுகலையிலோ, பெரியவர்கள் துணைவர, ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்து மரவீட்டில் பிள்ளைகள் ஏறி அமர்ந்தார்கள். கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு திரையே அவர்களுடைய வகுப்பறை.

செய்தியைப் படித்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள். “கல்வியில்தான் எத்துணை ஆர்வம்!” என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பொய்யில்லை. ஆயினும் அது முழு உண்மையும் அன்று. பாடம் கேட்க ஒரு குழந்தை மரமேற நேர்ந்தால், அது அக்குழந்தையின் பெருமையா, அன்றி நம் சமுதாயத்தின் சிறுமையா?

மரமேறிய பிள்ளையைப் படமெடுத்தார்கள். ஏறிப் பயனில்லை என்று, கையில் கருவியேயின்றி வீட்டிலிருந்த பிள்ளையைப் படமெடுத்தவர் யார்? நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் அதிகமாய்ப் போனால் 40 விழுக்காட்டினரே இணையவழி வகுப்புகளில் சேர முடியும் என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்பொழுது கூறினார். எஞ்சியவர்கள் ஓட்டத்தில் தோற்றவர்கள் அல்லர், ஓட்டத்திற்கே அழைக்கப்படாதவர்கள். துணிந்து ஏறியவனை மட்டும் பாராட்டிப் பழகிய கண், ஏற வழியற்றவனைச் சோம்பேறி என்று காணத் தொடங்குகிறது. அளவற்ற பாராட்டின் தீங்கு இதுவே.

பசறையிலோ ஹாலிஎலையிலோ ஒரு லயக் காம்பிராவை எண்ணிப் பாருங்கள். நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவென விதிக்கப்பட்டது. அந்தக் கூலியில் கடன்பட்டு வாங்கிய கைத்தொலைபேசி ஒன்று, பிள்ளைகள் மூவர், மூவருக்கும் காலையில் ஒரே நேரத்தில் வகுப்பு. கொழுந்து பறிக்கப் புறப்படும் தாய், இன்று எந்தப் பிள்ளை படிப்பது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் கொடிய நீதிபீடத்தில் அவளை அமர்த்தியவர்கள் யார்?

இந்த அநீதி கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயின. ஏன்? வாசல் திறந்திருந்தாலும், புத்தகமில்லாத பிள்ளைக்குப் பாடம் மூடியே கிடக்கும் என்பதை நாடு ஒப்புக்கொண்டது. வகுப்பறையைத் திரைக்குள் கொண்டுபோன பின்னர், அதே நியாயம் திரைக்கும் பொருந்தாதா? கருவியைப் பெற்றோரின் தலையில் சுமத்தினால், முன்வாசலால் வெளியேற்றிய கல்விக் கட்டணத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்தவர்கள் ஆவோம்.

இயந்திரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் ஆசிரியரின்றி ஏங்கும் மலையகப் பாடசாலைகளுக்கு, தொலைவிலுள்ள நல்லாசிரியர் ஒருவரின் குரல் திரைவழியே வருமாயின் அது பெரும் பேறு. ஆனால் பசியால் வாடிய முகத்தைக் கண்டு காரணம் கேட்கும் ஆசிரியரின் இடத்தைத் திரை நிரப்பாது. கருவி யாருடைய செலவில், யாருக்காக இயங்குகிறது என்பதே கேள்வி.

அவ்வாண்டு ஜூலை முதல் ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. “பிள்ளைகளின் கல்வியைப் பணயம் வைக்கலாமா?” என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மரவீட்டைக் கண்டபோது, அதே கேள்வியை ஆட்சியாளரிடம் எத்தனை பேர் கேட்டார்கள்?

நமக்கும் இதில் கடமையுண்டு. புத்தகத்தைப் போலக் கருவியும் பாடசாலையின் பொதுவுடைமை ஆகவேண்டும். சாலையைப் போல அலையும் தோட்டத்தை எட்டவேண்டும் என்று ஒன்றுசேர்ந்து கேட்போம். அதுவரை, கைத்தொலைபேசியில் வீட்டுப்பாடம் அனுப்புமுன், அதைப் பெறக் கருவியில்லாத பிள்ளை யாரென்று ஒவ்வோர் ஆசிரியரும் எண்ணிப் பார்ப்போம். எல்லாருக்கும் எட்டாத பாடத்தை வைத்து எவருக்கும் புள்ளியிடுவது முறையன்று.

பாறையேறிய பிள்ளையைப் பாராட்டுவோம். ஆனால் அவள் கீழே இறங்கிவந்து, தன் வகுப்பிலேயே அமர்ந்து படிக்க வழிசெய்த பின்னரே அந்தப் பாராட்டுக்கு நாம் தகுதியுடையவர்கள் ஆவோம்.