இரவல் சீசா

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குப் பழம்பொருள் சேர்க்கும் நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். 24 அறைகள் கொண்ட பழைய மரப்பெட்டி ஒன்றும் கோல்ட் ஸ்பாட் சீசா ஒன்றும் வாங்கினார். 1977-இல் நாட்டைவிட்டுப் போன கோகோ கோலா 1993-இல் திரும்பி வந்து, கோல்ட் ஸ்பாட்டையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. பிறகு அந்தப் பானம் மறைந்தது; சீசா மிஞ்சியது.

எப்படி மிஞ்சியது? அன்று கடைக்காரர் நமக்கு விற்றது பானத்தை மட்டுந்தான். சீசா இரவல். அது திரும்பாவிட்டால் நஷ்டம் அவருடையது. மூடிய ஆலைகளிலிருந்து சில வந்திருக்கலாம். மற்றவை யாரோ திருப்பித் தராதவை அல்லவா?

“இனி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?” என்றார் நண்பர். நியாயமான கேள்விதான். அவர்மீது குற்றமில்லை. ஆனாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. நாணயமாகத் திருப்பித் தந்தவர்களின் சீசாக்கள் கழுவப்பட்டு, மீண்டும் நிரப்பப்பட்டு, என்றோ ஒருநாள் உடைந்து உலைக்குப் போய்விட்டன. அவர்களுடைய நேர்மைக்கு இன்று அடையாளமே இல்லை. யாரோ ஒருவரின் மறதிதான் சரித்திரமாகி அலமாரியில் நிற்கிறது.

பழம்பொருளைப் போற்றுவது தவறன்று. மிஞ்சியதே மேலானது என்று எண்ணிவிடுவதுதான் தவறு.

வீட்டுக்கு வந்ததும் நண்பர் சீசாவைப் பெட்டியில் வைத்து, “இன்னும் 23 தேட வேண்டும்” என்றார். எனக்கோ அந்தக் காலி அறைகள், ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் இடமாகவே தோன்றின.